போர்ச்சில் நிற்கும் காருக்கு நியாய விலை எது?

நம் தாமான்களில் மாலை நடை போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். ஏதாவது ஒரு வீட்டுப் போர்ச்சில் சாம்பல் நிறத் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்கும். டயர்கள் காற்றில்லாமல் தரையோடு தரையாக அமுங்கியிருக்கும். அதன்மேல் துணி காயும், பக்கத்தில் பூச்சட்டிகள் வரிசையாக இருக்கும், அடியில் பூனை குட்டி போட்டிருக்கும். "ஏன் விற்காமல் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பத்தில் ஒன்பது வீட்டில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நல்ல விலை வரட்டும் என்று பார்க்கிறோம்."

அந்த நல்ல விலை எது என்று கேட்டால்தான் சிக்கல். நின்றுபோன ஒரு காருக்கு ஒரே நேரத்தில் மூன்று விலைகள் உண்டு. பழைய இரும்புக் கடைக்காரர் சொல்வது ஒன்று. இணைய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மருமகப்பிள்ளை சொல்வது இன்னொன்று. வீட்டுக்காரர் மனத்தில் வைத்திருப்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்காது. இடையில் வாங்க வருகிறவர் குழம்பிப் போகிறார், விற்கிறவர் புண்பட்டுப் போகிறார், கார் இன்னும் ஒரு மழைக்காலம் நிற்கிறது.

கிள்ளானில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கார் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். பட்டறையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும், "ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைப்பார்கள். அப்படிப் பார்த்த ஒரு காரின் கணக்கை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே கணக்கை உங்கள் வீட்டுக் காருக்கும் போட்டுப் பார்க்கலாம்.

போர்ட் கிள்ளான் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். எழுபதைத் தாண்டியவர். கணவர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் காரை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆக, கார் நின்று ஒன்பது ஆண்டுகள். 1988-ல் புதிதாக எடுத்த புரோட்டோன் சாகா, 1.3 இன்ஜின், வெள்ளை நிறம். அக்கா இருந்தது வாடகை வீடு. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து, சிரம்பானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். மகள் வீட்டில் இன்னொரு கார் நிறுத்த இடமில்லை.

இரும்புக்காரர் 700 ரிங்கிட் என்றாராம். மருமகன் கைப்பேசியில் காட்டிய ஒரு சாகாவுக்கு 15,000 ரிங்கிட் போட்டிருந்தது. நடுவில் ஓர் இளைஞன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். தொழிற்சாலையில் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு. அவன் அப்பாவிடம் ஒரு காலத்தில் இதே மாதிரிக் கார் இருந்ததாம். விலை கேட்டபோது அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

சாகாவைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான நம் முதல் தேசியக் கார். மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரே காரை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலம் ஆலையில் செய்தார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டு வாசலில் நின்ற முதல் புதுக் கார் அதுதான். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் பத்துமலைக்கும் போய் வந்த கார். அதனால்தான் அதன் விலையைப் பேசும்போது குரல் கொஞ்சம் மாறுகிறது.

நான் போனதும் முதலில் காரைத் தொடவில்லை. கிராண்டைக் கேட்டேன். இது எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒன்று. பத்திரம் இல்லாத கார், கார் அல்ல. வெறும் உதிரி பாகம். கிராண்டில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இடையில் யாராவது இன்ஜினை மாற்றிவிட்டு ஜேபிஜேயில் பதியாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றும்போது அங்கேயே நின்றுவிடும். அக்கா வீட்டுக் காரில் எண்கள் சரியாக இருந்தன. ஆனால் கிராண்ட் இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்தது.

பதிவு எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கார்களில் சில சமயம் காரைவிட எண்ணுக்கு மதிப்பு அதிகம். ஓரிலக்க எண், ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண் என்றால் அதற்குத் தனியாக விலை பேச ஆள் இருக்கிறது. அது தெரியாமல் காரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அக்கா வீட்டுக் காருடையது சாதாரண நான்கு இலக்க எண். அதற்குத் தனிக் கணக்கு தேவைப்படவில்லை.

அடுத்து, கார் நின்ற இடம். சிமெண்டுத் தரை, மேலே கூரை. அது நல்லது. புல் தரையிலோ மண் தரையிலோ நிற்கும் காருக்கு ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். மேலே பளபளப்பாக இருந்தாலும் அடித்தகடு பொடிந்திருக்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவதும் காருக்கு நல்லதில்லை. நம் ஊர் வெக்கையில் உள்ளே ஈரம் அடைபட்டுப் புழுங்கும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு.

கால்மிதியைத் தூக்கி, கம்பளத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் உறுதியாக இருந்தது. பின்னிருக்கைக் காலடியில் இரண்டு இடத்தில் துரு தின்றிருந்தது. கதவுகளின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, முன் கண்ணாடியின் அடிப்பகுதி, பூட்டில் ஸ்பேர் டயர் உட்காரும் பள்ளம், முன் ஸ்பிரிங் மேலே போய்ச் சேரும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை, வெறும் பூச்சு மாவு. இந்தக் காரில் இரண்டு கதவின் அடியில் மட்டும் காந்தம் வழுக்கியது. ஸ்பிரிங் மேடை கெட்டியாக இருந்தது. அது உளுத்துப்போயிருந்தால் நான் மேற்கொண்டு கணக்கே போட்டிருக்க மாட்டேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கட்டை தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், பத்து ஆண்டு ஆன ரப்பர் விரிசல் விட்டிருக்கும். அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏற முடியாது. நான்கையும் மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோலும் கெடும். இது பலருக்குத் தெரியாது. சில மாதங்களிலேயே அதன் லேசான பகுதி ஆவியாகி, மீதி பிசின் மாதிரி ஆகிவிடும். கார்புரேட்டரின் சின்னச் சின்னத் துளைகளை அது அடைத்துவிடும். டேங்கின் காலிப் பகுதியில் ஈரம் படிந்து உள்ளே துரு பிடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. ஆண்டுக்கணக்கில் நின்றால் பிரேக் பம்பின் உட்சுவர் அரித்துப்போகும். ரேடியேட்டரில் வெறும் குழாய்த்தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள் நம்மில் அதிகம். அந்தத் தண்ணீர் உள்ளேயே நின்று சிவப்புச் சேறாகியிருக்கும். எலி வயரைக் கடித்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்ஜின். வாங்க வருகிறவர்கள் செய்யும் முதல் காரியம், இன்னொரு பேட்டரியைக் கொண்டுவந்து வயர் கொடுத்துச் சாவியைத் திருப்புவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். ஒன்பது ஆண்டு காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் வளையம் துருவோடு ஒட்டியிருக்கலாம். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் நல்ல இன்ஜினும் கீறிப்போகும். நான் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் எண்ணெய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்து ஸ்பானர் போட்டுக் கையால் மெல்லத் திருப்பினேன். முதலில் அடம்பிடித்தது, பிறகு நகர்ந்தது, பிறகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. இன்ஜின் பிடித்துக்கொள்ளவில்லை என்பது உறுதி. ஆனால் அது நன்றாக ஓடும் என்பது உறுதியில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கும் ஒரு விலை உண்டு.

இனி கணக்கு. நின்ற காரின் விலையை நின்ற காரிலிருந்து தொடங்கக் கூடாது. ஓடும் காரிலிருந்து தொடங்க வேண்டும். அதே வகை, ஏறத்தாழ அதே ஆண்டு, அழகுப் போட்டிக்குப் போகாத, ஆனால் காலையில் சாவி போட்டால் வேலைக்குப் போய் வரும் ஒரு கார் உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது? விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. மாதக்கணக்கில் ஒரே விளம்பரம் கிடக்கிறது என்றால், அந்த விலையை யாரும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரிந்த பட்டறைகளில் விசாரித்தேன். அப்படி ஓடும் நிலையில் இருந்த சாகா ஒன்று 9,000 ரிங்கிட்டுக்குக் கைமாறியிருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து, இந்தக் காரை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழித்தேன். கிள்ளானில் நான் விசாரித்த விலைப்படி: நான்கு டயர் 560. பேட்டரி 220. டேங்க் கழுவி, பெட்ரோல் பம்ப் மாற்றி, கார்புரேட்டர் பிரித்துச் சுத்தம் செய்ய 600. பிரேக் வேலை 550. ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், தண்ணீர்ப் பம்ப் 550. டைமிங் பெல்ட், எண்ணெய், ஃபில்டர், சீல் 420. துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டி, அந்த இடத்துக்கு மட்டும் சாயம் அடிக்க 1,400. இழுவை லாரி, பரிசோதனை, சாலை வரி, காப்புறுதி எல்லாம் சேர்த்து 700. மொத்தம் 5,000. சாலை வரியைச் சொல்லி யாரும் உங்களைப் பயமுறுத்த வேண்டாம், தீபகற்பத்தில் 1.3 இன்ஜின் தனியார் காருக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட்தான்.

9,000-ல் 5,000 போக மீதி 4,000. ஆனால் அதோடு முடியாது. கண்ணுக்குத் தெரிந்த பழுதைத்தான் எழுதியிருக்கிறோம். திறந்து பார்த்தால்தான் தெரியும் பழுதுகள் உண்டு. அந்த ஆபத்தை ஏற்கிறவர் வாங்குகிறவர். அதற்காக 1,000 கழிக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அக்கா உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். குமாஸ்தா வேலை பார்த்தவர் அல்லவா? 1988-லிருந்து ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் ரசீது. எந்த ஆண்டு கிளட்ச், எந்த ஆண்டு ரேடியேட்டர், எத்தனை கிலோமீட்டரில் டைமிங் பெல்ட் என்று அவர் கையெழுத்திலேயே ஒரு பட்டியல். கடைசிப் பக்கத்தில் மாற்றுச்சாவியை நாடாவால் ஒட்டி வைத்திருந்தார். ஒரே உரிமையாளர், ஒரே பட்டறை. முப்பது ஆண்டு வேலையில் இப்படிப்பட்ட கோப்புகளை விரல் விட்டு எண்ணலாம். அந்தக் கோப்பு, தெரியாததைப் பாதியாகக் குறைத்தது. 1,000 கழிக்க நினைத்த இடத்தில் 500 மட்டும் கழித்தேன். 3,500 ரிங்கிட்.

தொகையைச் சொன்னதும் அக்காவின் முகம் வாடிவிட்டது.

"பிள்ளை மாதிரி வச்சிருந்தாரு தம்பி. ஞாயித்துக்கெழமையானா அவரே கழுவித் தொடைப்பாரு. அதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"இருக்குக்கா. அந்தக் கோப்புக்கு 500 வெள்ளி ஏத்தியிருக்கேன். அது அவர் சம்பாதிச்சது" என்றேன்.

மருமகன் காட்டிய 15,000-ஐப் பற்றிக் கேட்டார். அந்த விளம்பரத்தை நானும் பார்த்தேன். தகடு முழுவதும் உரித்துச் சாயம் அடித்து, இருக்கைத்துணி புதிதாகத் தைத்து, எங்கெங்கோ தேடிப் பழைய சின்னங்களும் விளக்குகளும் வாங்கிப் பொருத்திய கார் அது. அதைச் செய்தவர் கேட்கும் தொகையைவிட அதிகமாகவே செலவழித்திருக்கக் கூடும்.

"பழைய நகையை விற்கப் போனா செய்கூலி திரும்பக் கிடைக்குமாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க கிடைக்கும்? சேதாரத்தையும் கழிச்சுத்தான் தருவான்."

"காரும் அப்படித்தான். அவங்க காருக்குச் செய்கூலி போட்டிருக்காங்க. அதுவே முழுசாத் திரும்பாது. நம்ம காருக்கு இனிமேத்தான் போடணும்."

அதற்குப் பிறகு அவர் 15,000-ஐப் பற்றிப் பேசவில்லை. நகை விற்ற அனுபவம் இல்லாத வீடு நம்மில் ஏது? கல் எடையைக் கழிப்பார்கள், அழுக்கைக் கழிப்பார்கள், நாம் ஆசைப்பட்ட வேலைப்பாட்டுக்கு ஒன்றும் தர மாட்டார்கள். ஆனாலும் பொன்னுக்குள்ள விலையை நியாயமான தராசு கொடுத்துவிடும். சாகா என்பதே அப்படி ஒரு தராசு விதையின் பெயர்தான். மலாயில் சாகா என்று சொல்லும் அந்தச் சிவப்பு விதை, தமிழில் மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வார்கள். பொற்கொல்லர்கள் பொன் நிறுக்க வைத்திருந்த விதை. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய எடைக் கணக்கு. இதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். அவருடைய அம்மா வீட்டில் பல்லாங்குழிக்கு அந்த விதையைத்தான் வைத்திருந்தார்களாம்.

இரும்புக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு டன்னுக்குக் குறைவான தகடும் இரும்பும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. தூக்கிப் போகும் செலவைக் கழித்து ஒரு தொகை சொல்கிறார். அது தரைவிலை. ஸ்பிரிங் மேடை உளுத்து, இன்ஜின் பிடித்து, கிராண்டும் தொலைந்துபோன காருக்கு அதுதான் நியாய விலை. அந்த நிலையில் இருப்பவர்கள் அதை வாங்கிக்கொண்டு போர்ச்சைக் கழுவிவிடுவதே நல்லது.

இளைஞனிடம் தொகையைச் சொன்னேன். கணக்குத்தாளையும் காட்டினேன். வரி வரியாகப் படித்தான். பிறகு மெதுவாக, "அங்கிள், ஆன்டி மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றாங்களாமே. அதுவரைக்கும் பொறுத்தா ரெண்டாயிரத்துக்கே கிடைக்கும்னு கூட்டாளிங்க சொல்றாங்க" என்றான்.

கெட்ட பையன் இல்லை. சேமிப்பில் ஒவ்வொரு வெள்ளியும் அவனுக்குக் கணக்கு. சந்தையில் எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் பாடத்தைத்தான் சொன்னான். தாளை அவன் கையிலேயே கொடுத்து, "இதில் எந்த வரியில் அந்த 1,500-ஐ எழுதுவாய்?" என்று கேட்டேன். டயரிலா, பிரேக்கிலா, துருவிலா? அக்காவின் அவசரம் காரில் உள்ள பழுது இல்லையே. அதே போல, உன் அப்பா வைத்திருந்த கார் என்பதற்காக உனக்கு இருக்கும் ஆசையும் இந்தக் காரின் பாகம் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு அக்கா 6,000 கேட்டிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருப்பேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "3,500 சரி அங்கிள்" என்றான்.

நியாய விலை என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்து ஒத்துக்கொள்ளக்கூடிய தொகை. ஒருவருக்குத் தெரிந்த பழுது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருடைய இக்கட்டு மற்றவருக்கு லாபமாகக் கூடாது. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட நேர்ந்தால், இருவரும் தலை குனியாமல் பேச முடிய வேண்டும்.

விலை முடிந்தாலும் வேலை முடியவில்லை. கிராண்ட் இறந்தவர் பெயரில் இருக்கும்போது மனைவியானாலும் நேரே கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ சொத்தை நிர்வகிக்கும் உத்தரவு வாங்க வேண்டும். அக்கா அதற்கு மனுப் போட்டார். அது வரும்வரை பணம் எதுவும் கைமாற வேண்டாம் என்று நான் சொன்னேன். மாதக் கடைசியில் இழுவை லாரி பிடித்துக் காரை என் வீட்டுப் போர்ச்சில் கொண்டுவந்து நிறுத்தினோம்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. அப்போது இன்னொரு முடிச்சு. பெயர் மாற்றத்துக்கு முன் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓடாத காரை எப்படிக் கொண்டுபோவது? ஓட வைக்க வேண்டுமானால் வாங்குகிறவர் தன் பெயரில் இல்லாத காருக்குச் செலவழிக்க வேண்டும். நின்ற காரை விற்கும்போது பலர் இங்கேதான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நாங்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். விலை 3,500. பாதி அன்றைக்கு, பாதி பெயர் மாறும் நாளில். பழுதுபார்க்கும் செலவு வாங்குகிறவருடையது. பெயர் மாறும்வரை காரைச் சாலையில் ஓட்டக் கூடாது, பரிசோதனைக்கும் லாரியில்தான் போக வேண்டும். பத்திரத்தால் பெயர் மாற்ற முடியாமல் போனால் பணமும் செலவும் திரும்ப வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் மாறாத காருக்கு வரும் சம்மன் கிராண்டில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான் வரும். விபத்து என்றாலும் போலீஸ் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான். சாலை வரி பல ஆண்டு கட்டாமல் விட்டிருந்தால் கூடுதல் பரிசோதனை கேட்கலாம். விதிமுறைகள் அவ்வப்போது மாறுகின்றன. விலை பேசுவதற்கு முன்பே ஜேபிஜே கவுண்டரில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

பழுதுபார்க்கும் செலவு 5,000-க்கு 5,400 ஆனது. இன்ஜின் ஓடிய பிறகுதான் கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. தெரியாததற்கு என்று ஒதுக்கிய 500-ல் 400 அதற்குப் போனது. மீதி 100 அவனுக்கு. மீதிப் பணத்தைக் கொடுக்க ஜேபிஜேக்கு வந்த அன்று டேஷ்போர்டில் இருந்த சின்ன முருகன் சிலையைக் கழற்றி அக்காவிடம் நீட்டினான். "இதுக்கும் சேர்த்துத்தானே தம்பி 3,500?" என்று கேட்டார். "இல்லக்கா, அது தாளிலேயே இல்லை" என்றேன். வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

விலை பேசுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. காரைப் பார்த்துச் சொல்ல யாரையாவது அழைத்தால், அந்தக் காரை வாங்கவும் போகாத, அதைப் பழுதுபார்க்கும் வேலையையும் எடுக்காத ஒருவரை அழையுங்கள். வாங்க நினைக்கிறவர் பழுதைப் பெரிதாக்குவார். வேலை எடுக்க நினைக்கிறவர் பழுதைச் சிறிதாக்குவார். அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடோ, பார்த்த கூலியோ கொடுத்தால் போதும்.

விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களை நான் தவறு சொல்லவில்லை. வைத்துக்கொள்வதும் ஒரு முடிவுதான். ஆனால் வைத்துக்கொள்வதென்றால் வாரம் ஒரு தடவை ஓட்ட வேண்டும், பெட்ரோல் மாற்ற வேண்டும், சாலை வரி கட்ட வேண்டும். அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் தார்ப்பாய்க்கு அடியில் விட்டுவைப்பதுதான் காருக்கு மிக மோசமான நிலை. இன்று 500 ரிங்கிட்டில் முடியும் பிரேக் வேலை இரண்டு ஆண்டு கழித்து அதில் முடியாது. இன்று வெட்டி ஒட்டினால் போதும் என்ற தகடு அப்போது ஒட்டுவதற்கும் இடம் தராது. நல்ல விலைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் அந்த விலையிலிருந்துதான் எடுத்துத் தின்கிறது.

உங்கள் போர்ச்சில் அப்படி ஒரு கார் இருந்தால், விலையைப் பற்றி நினைப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். கிராண்ட் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பளத்தைத் தூக்கித் தரைத்தகட்டைத் தொட்டுப் பாருங்கள். அலமாரியில் பழைய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். பிறகு தாளை எடுத்து எழுத உட்காரலாம்.